ரைஸ் மில் கணக்குக்கு ஃப்ரீடாஸ் 1.4: நம்பிப் போடலாமா?

லேப்டாப் வாங்கப் போனால் 'டாஸ் லேப்டாப்' என்று விலையைக் கொஞ்சம் குறைத்துச் சொல்வார்களே, அதில் இருப்பது பெரும்பாலும் ஃப்ரீடாஸ்தான், அதாவது விண்டோஸுக்கு முந்தைய கறுப்புத் திரை டாஸ் இயங்குதளத்தின் இலவச வடிவம். வீட்டுக்குக் கொண்டுபோய் ஆன் செய்தால் கறுப்புத் திரையில் நாலு வரி ஓடி நின்றுவிடும். "அண்ணாச்சி, புது லேப்டாப்பு, அதுக்குள்ள ரிப்பேரு" என்று பாளையங்கோட்டையில் என் சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நானும் அதை அழித்துவிட்டு விண்டோஸ் ஏற்றிக் கொடுப்பேன். அழிப்பதற்கென்றே வருகிற சாப்ட்வேர் என்ற மரியாதைதான் அதற்கு நம் பக்கம். அதை ஒரு தொழிலுக்கு வைத்து ஓட்டிப் பார்த்ததால் இதை எழுதுகிறேன்.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ரைஸ் மில். உள்கணக்கு முழுவதும் ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய டாஸ் டேட்டாபேஸ் சாப்ட்வேரில் ஓடுகிறது. தொண்ணூறுகளில் எழுதிய புரோகிராம். எழுதியவர் ஊரில் இல்லை, சோர்ஸ் கோடும் இல்லை. ஜிஎஸ்டி, வங்கி சமாச்சாரம் எல்லாம் வேறு கம்ப்யூட்டரில் போகிறது. அப்படியானால் இதையும் மாற்றித் தொலைக்க வேண்டியதுதானே என்று தோன்றும். ஆனால் இந்தப் புரோகிராமுக்கு நம் பக்கத்து நெல் அளவையான கோட்டைக் கணக்கு தெரியும். 21 மரக்கால் ஒரு கோட்டை. பாட்ட நெல்லைக் கோட்டையில் பதிந்தால் கிலோவாக்கி, ஈரத்துக்குக் கழிவு போட்டு, அம்பை 16-க்குத் தனி விலை, மற்ற ரகத்துக்குத் தனி விலை என்று பிரித்து, ஆளுக்கொரு தாளாக டாட் மேட்ரிக்ஸில் அடித்துத் தள்ளிவிடும். புதிதாக எழுதித் தருகிறேன் என்று வந்த பையன்களுக்குக் கோட்டை என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்கவே கணக்கப்பிள்ளைக்குப் பொறுமை இல்லை. பிசான அறுவடை தொடங்கும் நேரத்தில் அந்த மெஷினின் ஹார்டு டிஸ்க் போனது. டேட்டா பேக்கப் இருந்தது. ஆனால் புரோகிராமை ஓட்ட டாஸைத் திரும்ப ஏற்ற வேண்டும், மைக்ரோசாஃப்டின் பழைய எம்எஸ்-டாஸ் பிளாப்பிகளோ பூஞ்சை பிடித்துக் கிடந்தன.

முதலில் எல்லோரும் சொல்வது டாஸ்பாக்ஸ். காலேஜ் பிள்ளைகள் டர்போ சி நீலத் திரையை விண்டோஸுக்குள் கொண்டுவர அதைத்தான் வைத்திருக்கிறார்கள், அதற்கு அது போதும். ஆனால் டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காகச் செய்த எமுலேட்டர், விண்டோஸுக்குள் பழைய டாஸ் மெஷின் மாதிரி நடிக்கிற சாப்ட்வேர். அதைச் செய்தவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். பிரிண்டர் போர்ட் அதில் கிடையாது. டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற கிளையில் உண்டு, ஆனாலும் அடியில் ஒரு விண்டோஸையோ லினக்ஸையோ வைத்துக் காப்பாற்ற வேண்டும். மில் தூசியில் அதெல்லாம் கூடுதல் தலைவலி. மைக்ரோசாஃப்டே 2024-ல் எம்எஸ்-டாஸ் 4.0 சோர்ஸ் கோடை எம்ஐடி உரிமத்தில் வெளியிட்டதே என்று ஒரு நண்பர் கேட்டார். படிக்க அருமையான பொருள். ஆனால் பெரிய டிஸ்க்குகளுக்கான ஃபேட்32 ஃபைல் முறை அதற்குத் தெரியாது, 2 ஜிபிக்கு மேல் பார்ட்டிஷன் எடுக்காது. எல்லோரும் கேட்கிற எம்எஸ்-டாஸ் 6.22-இன் சோர்ஸ் கோடு இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. விண்டோஸ் மாதிரி வேண்டும் என்பவர்கள் ரியாக்ட்ஓஎஸ்ஸைச் சொல்வார்கள். 1996-ல் ஃப்ரீவின்95 என்று ஆரம்பித்தது, இன்றைக்கும் அதற்கு ஆல்ஃபா என்றுதான் பெயர். ஆசைக்குப் போட்டுப் பார்க்கலாம். அதில் வரவு செலவை வைக்க மாட்டேன்.

ஃப்ரீடாஸ் அப்படியில்லை. 1994-ல் மைக்ரோசாஃப்ட் இனி டாஸ் கிடையாது, எல்லாம் விண்டோஸ்தான் என்று சொன்ன நேரத்தில், அமெரிக்காவில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்த ஜிம் ஹால் என்ற மாணவர், சரி, நாமே ஒன்று எழுதுவோம் என்று தொடங்கியது. 1.0 வர 2006 ஆனது. பன்னிரண்டு வருஷம்! ஆனால் அந்த நிதானம் சரக்கில் தெரிகிறது. இப்போது இருப்பது 2025 ஏப்ரலில் வந்த 1.4.

இன்ஸ்டால் செய்வது சுலபம். பென் டிரைவுக்கான இமேஜை இறக்கி, எழுதி, பூட் செய்தால் கேள்வி கேட்டுக்கொண்டே போகும். 'பிளெய்ன் டாஸ்' போதும். முழுசாகப் போட்டால் விளையாட்டெல்லாம் சேர்ந்து வரும், மில்லில் அது எதற்கு. டாஸ் ஆரம்பிக்கும்போது படிக்கிற செட்டிங் ஃபைல்களின் பெயர்களில் மட்டும் கவனம்: கான்ஃபிக்.சிஸ் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்டிகான்ஃபிக்.சிஸ், ஆட்டோஎக்ஸெக்.பேட் இடத்தில் எஃப்டிஆட்டோ.பேட். ஃபாக்ஸ்ப்ரோ ஒரே நேரத்தில் நிறைய டேபிள்களைத் திறக்கும் என்பதால் ஃபைல்ஸ் எண்ணிக்கையை உயர்த்தி எழுதினேன். இன்னொரு வரி எஃப்டிஏபிஎம் என்ற சின்ன நிரலுக்கு. டாஸ் சும்மா இருக்கும்போதும் பிராசசரைச் சுற்றிக்கொண்டே இருக்க வைக்கும். இந்த வரி போட்டால் சூடு அடங்கும். பங்குனி வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் ஓடும் மெஷினுக்கு இது கட்டாயம்.

போட்டது பழைய ஜி41 போர்டு, கோர் டூ டுயோ பிராசசர். அதில் பிரிண்டர் போர்ட் இருந்ததால் பிழைத்தோம். டாஸ் புரோகிராம்கள் யாரையும் நடுவில் வைக்காமல் நேராக எல்பிடி1-க்கு, அதாவது அந்த பிரிண்டர் போர்ட்டுக்கு, எழுத்தை அனுப்பும், பிரிண்டர் அப்படியே அடிக்கும். டிரைவர், ஸ்பூலர் எதுவும் வேண்டாம். 132 காலம் தாளில் முதல் வரி அடிக்கிற சத்தம் கேட்டதும் கணக்கப்பிள்ளை மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு தாளைக் கிழித்தார். கூட்டுத்தொகையை விரலால் ஒரு தடவை ஓட்டினார். "பேருதான் வேற போலுக்கு தம்பி, ஆளு நம்ம பழைய ஆளுதான்" என்றார். "ஆமா அண்ணாச்சி, வெலையும் கெடையாது" என்றேன். அதற்குத்தான் முகம் இன்னும் மலர்ந்தது.

போர்டில் அந்த போர்ட் இல்லாவிட்டால் கதை வேறு. கடையில் கிடைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பேரலல் கார்டுகள் வழக்கமான 378 முகவரியில் வந்து உட்காருவதில்லை. மெஷினை எழுப்பும் அடிப்படை நிரலான பயாஸ் அதைப் பட்டியலில் சேர்க்காது, டாஸும் பார்க்காது. டெபக் நிரலில் போய் 40:8 என்ற இடத்தில் கார்டின் முகவரியைக் கையால் எழுதினால் சில புரோகிராம்கள் ஏமாந்து அடிக்கும், எல்லாம் அடிக்காது. யுஎஸ்பி பிரிண்டர் என்றால் நினைத்தே பார்க்க வேண்டாம்.

குறைகள் இன்னும் உண்டு. பயாஸுக்குப் பதிலாக வந்த யுஇஎஃப்ஐ மட்டும் உள்ள புது போர்டில் இது பூட்டே ஆகாது. பழைய பயாஸோ, செட்டிங்கில் லெகஸி பூட்டோ இருக்க வேண்டும். (பிறகு அந்தப் புது லேப்டாப்புகளில் எப்படித் தருகிறார்கள் என்று கேட்டால், சிலவற்றில் அடியில் ஒரு லினக்ஸ் வைத்து அதற்குள் எமுலேட்டரில் ஓட்டுகிறார்கள். டாஸ் லேப்டாப்பாம்!) பென் டிரைவை ஆன் செய்வதற்கு முன்பே செருகியிருந்தால் ஒரு டிரைவாகக் காட்டும், ஓடிக்கொண்டிருக்கும்போது செருகினால் கண்டுகொள்ளாது. கரண்ட் சட்டென்று போனால் ஃபேட் டிஸ்க்கில் பாதி எழுதிய ஃபைல் பாதியாகவே கிடக்கும். யுபிஎஸ் இல்லாமல் இதைப் போடுவது வம்பு. தமிழ் எழுத்து கிடையாது. அந்தக் காலத்தில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் செய்த ஜிஸ்ட் கார்டு செருகி டாஸில் தமிழ் கொண்டுவந்தார்கள், அந்தக் கார்டுக்கு இப்போது எங்கே போக? மில்லில் பேரெல்லாம் ஆங்கில எழுத்தில்தான் இருந்தது என்பதால் இது எங்களுக்குப் பிரச்சினையாகவில்லை. நகைக்கடை, அடகுக்கடைக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

டர்போ பாஸ்கலில் எழுதிய புரோகிராம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: ஆரம்பித்த உடனே 'ரன்டைம் எரர் 200' என்று நின்றால் ஃப்ரீடாஸைத் திட்டாதீர்கள். டர்போ பாஸ்கலோடு வரும் சிஆர்டி யூனிட் என்ற பழைய நிரல் பகுதி பிராசசரின் வேகத்தை அளந்து வகுக்கப் பார்க்கும். இன்றைய வேகத்துக்கு விடை அதன் எண் அளவுக்குள் அடங்காமல் விழுந்துவிடும். அசல் எம்எஸ்-டாஸில் போட்டாலும் இதே கதைதான். இதற்கென்று பேட்ச் நிரல்கள் இருக்கின்றன.

என் மதிப்பெண், பழைய போர்டும் எல்பிடி போர்ட்டும் இருந்தால் ஐந்துக்கு நாலரை. புது போர்டு என்றால் ஒன்றரை, அதுவும் பாசத்துக்காக. அரை மதிப்பெண்ணை யுஎஸ்பிக்காகப் பிடித்து வைத்திருக்கிறேன்.

யாராவது இப்படி மாற்றுவதாக இருந்தால் ஃபாக்ஸ்ப்ரோ டேபிள்கள் இருக்கும் டிபிஎஃப் ஃபைல்களை மட்டும் காப்பி எடுத்துவிட்டு எல்லாம் வந்தது என்று நினைக்காதீர்கள். மெமோ ஃபீல்டு இருந்தால் எஃப்பிடி, இன்டெக்ஸுக்கு சிடிஎக்ஸ் அல்லது ஐடிஎக்ஸ், ரிப்போர்ட்டுக்கு எஃப்ஆர்எக்ஸும் எஃப்ஆர்டியும் ஜோடியாக வேண்டும். ஃபோல்டரை அப்படியே, அதே பெயரில், அதே டிரைவ் எழுத்தில் எடுத்து வையுங்கள். பல புரோகிராம்களில் பாதையை உள்ளேயே எழுதி வைத்திருப்பார்கள். போன டிஸ்க்கையும் ஆக்கர்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள், எஃப்ஆர்டி ஒன்று விட்டுப்போனால் அதில்தான் தேட வேண்டியிருக்கும்.