செந்தூல் வீட்டின் பக்கவாட்டுக் கான்கிரீட் தளம்: பல ஆண்டுப் புழக்கத்தில் கண்டது

கோலாலம்பூரின் செந்தூலில் எங்களுடையது வரிசையின் கோடி வீடு. பக்கவாட்டில் 3 மீட்டர் அகலமும் 7 மீட்டர் நீளமுமாக வெறும் மண் கிடந்தது. 2019-இல் அங்கே 100 மில்லிமீட்டர் கனத்தில் கான்கிரீட் தளம் போட்டோம். துணி துவைக்கும் இயந்திரம், மோட்டார் சைக்கிள்கள், பூச்சட்டிகள், விசேஷ நாள் சமையல் எல்லாம் இப்போது அதன்மேல்தான். இத்தனை நாள் புழங்கிய பிறகு உறுதியாகச் சொல்வேன்: இந்தத் தளம் இன்னும் நன்றாக இருப்பதற்குக் காரணம் தண்ணீர் ஓட விட்ட வாட்டமும் (சரிவும்), சுவரோடு ஒட்டாமல் விட்ட இடைவெளியும்.

முதலில் வாட்டம். கோலாலம்பூரில் மாலை மழை எப்படி இறங்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அரை மணி நேரத்தில் கால்வாய் நிரம்பிவிடும். தளம் தட்டையாக இருந்தால் தண்ணீர் வீட்டுச் சுவரோரம் நிற்கும், அப்புறம் சுவரில் ஈரம் ஏறும். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் இறக்கம் போதும் என்றார் கொத்தனார் அண்ணன். அப்படியானால் சுவரிலிருந்து கால்வாய்க்குள் மூன்று சென்டிமீட்டர். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரு முனைகளையும் இரண்டு பக்கமும் பிடித்து, தண்ணீர் நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறித்தார். அந்தக் குறியிலிருந்து கால்வாய்ப் பக்கத்துப் பலகையைக் கீழே இறக்கி ஆணி அடித்தார். குழாய்க்குள் ஒரு சிறு காற்றுக் குமிழி இருந்ததைப் பார்த்துவிட்டு, முழுத் தண்ணீரையும் கொட்டி மறுபடி நிரப்பினார். அந்தப் பொறுமைக்குப் பலன் உண்டு: மழை விட்டதும் தளத்தில் எங்கும் குட்டை நிற்பதில்லை. டிங்கிக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும் என்ற ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

அடியில் மண்ணை இறுக்கி, கிரஷர் ரன் கல் (பொடியும் சல்லியும் கலந்த உடைகல்) பரப்பி மறுபடி இறுக்கி, பிளாஸ்டிக் தாள் விரித்து, பி.ஆர்.சி. கம்பி வலையைச் சிறு சிமெண்டுக் கட்டைகள்மேல் தூக்கி வைத்தோம். வலை தரையில் கிடந்தால் அதைப் போட்டும் பயன் இல்லை.

கலவை லோரி வந்ததும் ஓட்டுநர், “தண்ணி கொஞ்சம் விடட்டுமா, சுலபமா ஓடும்” என்றார். அண்ணன் கையைக் காட்டித் தடுத்தார். “இப்ப சுலபமா ஓடும் தம்பி, பின்னாடி மேல்பக்கம் மாவு மாவா உதிரும்” என்று என்னிடம் சொன்னார். இருவர் நீளப் பலகையை அறுப்பதுபோல் முன்னும் பின்னும் இழுத்து மட்டம் செய்தார்கள். பிறகு மேலே கசிந்து வந்த தண்ணீர் தானாக வற்றும் வரை யாரும் கரண்டி வைக்கவில்லை. கடைசியில் துடைப்பத்தால் ஒரே திசையில் இழுத்துச் சொரசொரப்பாக்கினார். ஈரத்திலும் அம்மா பயமில்லாமல் நடக்கிறார். வழுவழுப்பாக்காதது நல்லது.

மறுநாள் காலையில் குறுக்கே இரண்டு கோடுகள், 25 மில்லிமீட்டர் ஆழத்துக்கு அறுத்தார்கள். கான்கிரீட் காயும்போது சுருங்கும், எங்காவது வெடித்தே தீரும். அந்த வெடிப்புக்கு இடம் காட்டுவதுதான் இந்தக் கோடு. எங்கள் தளத்தில் மயிரிழை வெடிப்பு அந்தக் கோடுகளுக்குள்தான் ஓடுகிறது, வேறெங்கும் இல்லை. கான்கிரீட் சீக்கிரம் காய்ந்துவிடாமல் இருக்க ஒரு வாரம் ஈரச் சாக்கு போட்டு, மேலே பிளாஸ்டிக் விரித்து வைத்தோம். அதற்குப் பதிலாகப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினால் கொசுவுக்குத் தொட்டில் கட்டிய கதையாகிவிடும்.

சுவருக்கும் தளத்துக்கும் நடுவே 10 மில்லிமீட்டர் நுரை அட்டை வைத்து, மேல்வாயை ரப்பர்போல் இழுபடும் பசையால் அடைத்தோம். வீடு ஆழமான அடித்தளத்தில் நிற்கிறது, தளமோ மண்ணின்மேல் படுத்திருக்கிறது. இரண்டும் ஒன்றாக இறங்காது. தளத்தின் பின்பக்க மூலை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஆனாலும் சுவரில் கீறல் இல்லை, தளமும் உடையவில்லை. உறவுக்காரர் வீட்டில் தளத்தின் கம்பியைச் சுவரில் துளைத்துக் கட்டினார்கள். அங்கே சுவரோரமாகவே நீள வெடிப்பு. ஆனால் எங்கள் இடைவெளியை அடைத்த பசை வெயிலில் காய்ந்து உரிந்துவிடுகிறது. அதைச் சுரண்டி எடுத்துப் புதிதாக அடைக்க வேண்டியிருந்தது. அடைக்காமல் விட்டால் கரையானுக்கு நேர்வழி.

குறைகள் உண்டு. வெயில் படாத, இயந்திரத்துக்குப் பின்னால் உள்ள பகுதியில் பாசி பிடிக்கிறது. தேய்க்கும் தூரிகைதான் நல்லது. அழுத்தத் தண்ணீர்க் குழாயை மிக அருகில் பிடித்தால் மேல்பூச்சு அரித்துப்போகும். எஞ்சின் எண்ணெய்க் கறை முழுதாகப் போவதில்லை. பொங்கலுக்கு விறகடுப்பை நேராகத் தளத்தின்மேல் வைப்பதில்லை. மணல் கொட்டி, செங்கல் அடுக்கி அதன்மேல்தான். உள்ளே இருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகிச் சில்லு சில்லாகத் தெறிக்கலாம். தீபாவளிக்கு முறுக்குச் சட்டி வைக்கும்போது வாட்டத்தால் எண்ணெய் ஒரு பக்கம் சாயும், அடுப்புக் காலுக்கு ஒரு மரத்துண்டு கொடுத்தால் சரி.

போடப் போகிறவர்கள் கலவை வருவதற்கு முன்பே தளத்துக்கு அடியில் குறுக்கே ஒரு காலிக் குழாயைப் புதைத்து, இரண்டு வாயையும் மூடி வையுங்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் இழுக்க நினைத்தபோது எங்களுக்கு அப்படிப் புதைத்து வைத்த குழாய்தான் கைகொடுத்தது. தளத்தில் ஒரு கீறல்கூடப் போடவில்லை.