மாமரத்தடிக்கு எது சரி: திப்பிலியா, வல்லாரையா, பொடுதலையா?

பொள்ளாச்சி பக்கம் எங்க வீட்டு பொடக்காளியில, அதாங்க பின்வாசல் பக்கம், அம்மிச்சி (அம்மாவோட அம்மா) வெச்ச மாமரம் ஒண்ணு இருக்கு. நெழல் பந்தல் போட்ட மாதிரி இருக்கும், ஆனா அடியில ஒண்ணும் வராது, புல்லு போட்டா மூணே மாசத்துல சொட்டையாயிரும், ஐப்பசி மழைக்கு வெறும் மண்ணு கரைஞ்சு வாசப்படி வரைக்கும் சேறு. சரி, நம்மூர் செடியாவே பாத்து தரைய மூடுவோம்னு ஒரே ஆடி மாசத்துல மூணையும் நட்டேன். மழையில எத நட்டாலும் பச்சப்பசேல்னுதான் இருக்கும், அத வெச்சு மார்க் போட முடியாதுங்க. நான் பாத்தது அடுத்த சித்திரையில எது பச்சையா தரையில கெடக்குதுன்னு மட்டுந்தான்.

அதுக்கு முன்னாடி நர்சரிக்காரங்க எல்லாரும் தலையில கட்டப்பாக்கற வெடேலியாவ பத்தி சொல்லிடறேன். மஞ்சப்பூ, பளபள இலை, ஒரு மாசத்துல தரை தெரியாது. ஆனா அது அமெரிக்கா கண்டத்து வெப்பப் பகுதியில இருந்து வந்தது, உலகத்துலயே மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினம்னு ஐயூசிஎன்-ங்கற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு போட்ட லிஸ்ட்ல இருக்கு, ஒரு துண்டு தண்டு வாய்க்கால்ல விழுந்தா போதும், கீழ இருக்கறவன் தோட்டத்துலயும் வேர் விட்டுரும். இதையே சிலர் மஞ்சள் கரிசலாங்கண்ணின்னு சொல்லி விக்கறாங்க, அது தப்பு. ரெண்டும் சொந்தக்காரங்கதான், பூவும் மஞ்சதான், ஆனா நம்ம மஞ்சள் கரிசலாங்கண்ணி இலை ஒடுங்கி நீளமா இருக்கும், வெடேலியா இலையில பக்கத்துக்கு ஒரு கொம்பு மாதிரி மூணா பிரிஞ்சிருக்கும். கீரைன்னு வாங்கிட்டு போறதுக்கு முன்னாடி இலைய ஒரு தடவ விரிச்சு பாருங்க.

பொடுதலை கதை சீக்கிரம் முடிஞ்சுரும். நல்ல செடி, மிதிச்சாலும் தாங்கும், உப்புத்தண்ணிக்கும் அசராது, தேனீ மொய்க்கும், பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சலாம். ஆனா அது வெயில் பிள்ளைங்க. மரத்தடியில போட்டது ஒல்லியா வெளிச்சத்த தேடி நீண்டுச்சு, பூவே இல்ல, தை மாசம் மாவிலை கொட்டுனதும் அதுக்கடியிலயே மட்கிப் போச்சு. அதே செடிய மர நெழல் முடியற ஓரத்துல, துணி காயப்போட நடக்கற பாதையில வெச்சேன், அங்க பாய் விரிச்ச மாதிரி கெடக்குது.

வல்லாரைக்கு நெழல் ஓகே, பாதி நெழல்ல வெயில்ல வர்றதவிட இலை பெருசா வருது. கொடி ஓடி ஓடி கணுவுக்கு கணு வேர் விட்டு ரெண்டு மாசத்துல ஆறடிக்கு போயிருச்சு, தொவையலுக்கும் ஆச்சு. பிரச்சனை தண்ணி. மாமரத்து வேர் மேலாகவே ஓடும், இருக்கற ஈரத்தையெல்லாம் அதுவே குடிச்சிரும், பங்குனியில ரெண்டு நாள் தண்ணி விடாம ஊருக்கு போயிட்டு வந்தேன், வல்லாரை அப்பளம் மாதிரி காஞ்சு கெடந்துச்சு. அம்மிச்சி வந்து பாத்துட்டு, "ஏஞ்சாமி, வல்லாரைய வரப்போரம் வெக்கறத வுட்டுட்டு மரத்துக்கு தீனியா போட்டிருக்கற?"ன்னு கேட்டுது. வாஸ்தவந்தான். பாத்திரம் கழுவற தொட்டி பக்கம் மாத்தலாமான்னு பாத்தேன், ஆனா வல்லாரை அழுக்குத்தண்ணியில இருக்கற கெட்ட உலோகத்தையும் சேத்து உறிஞ்சிக்கும், சோப்புத்தண்ணி சாக்கடை ஓரம் வளந்தத சாப்பிட எனக்கு மனசு வரல. இப்ப கெணத்தடியில நல்ல தண்ணி சொட்டற எடத்துல இருக்கு. நத்தைத் தொல்லை மட்டும் அங்கயும் தீரல.

இப்ப திப்பிலிக்கு வருவோம். இது மிளகுக்கு சொந்தம், வெத்தலைக்கும் சொந்தம், இலையும் அதே மாதிரி இதய வடிவம், மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டுல பெரிய மரத்தடியில தானா படர்ந்து கெடக்கறது. அதனாலதான் மரத்தடி அதுக்கு தண்டனை இல்ல, சொந்த வீடு. கேரளாவுல தென்னந்தோப்புல ஊடுபயிரா போடறாங்க, அதுக்குன்னே அங்க வேளாண் பல்கலைக்கழகம் விஸ்வம்னு ஒரு ரகம் விட்டிருக்கு, நம்ம பக்கம் கொல்லிமலையில பண்றாங்க. மெதுவாத்தான் வரும், மொத ரெண்டு மாசம் இது செத்துருச்சோன்னே நெனச்சேன். மூணு கணு இருக்கற தண்டா வெட்டி பையில வேர் பிடிக்க வெச்சு, மரத்து வேர வெட்டாம வேருக்கு நடுவுல சின்ன சின்ன குழி எடுத்து தொழு உரம் போட்டு ஒரு அடிக்கு ஒண்ணா நட்டேன். விவசாயத்துக்கு ரெண்டடி விடுவாங்க, எனக்கு காய் முக்கியம் இல்ல, தரை மூடணும், அதான் நெருக்கம். மாவிலை கொட்டுனப்ப பொடுதலை செத்துச்சுன்னு சொன்னேன்ல, திப்பிலி அந்த சருகுக்குள்ள இருந்தே தலைய நீட்டுச்சு, சருகு மண்ணு ஈரத்த காக்கற மூடாக்காவும் ஆச்சு. வாரம் ஒரு தண்ணி, அவ்ளோதான், சித்திரையில இலை கொஞ்சம் வாடுச்சு, ஆனா தரை தெரியல.

குறையே இல்லன்னு சொல்ல மாட்டேன். மிதிச்சா தண்டு மளுக்குன்னு ஒடிஞ்சிரும், புள்ளைங்க வெளையாடற எடத்துக்கு ஆகாது. மழை விடாம அடிச்சா இலை கருகி அழுகும், தண்ணி தேங்கவே கூடாது. ஆண் செடி பெண் செடி தனித்தனி, காய் வேணும்னா பெண் செடி தண்டா பாத்து வாங்கணும், அதோட காய் குட்டையா தடிமனா இருக்கும், ஆண் கதிர் ஒல்லியா நீளமா இருக்கும்.

வாங்கறதுல நானே ஒரு தடவ ஏமாந்தேன். ஒரு நர்சரியில திப்பிலின்னு குடுத்தது படரவே இல்ல, நிமிந்து புதர் மாதிரி மேல மேல போச்சு. அப்புறந்தான் தெரிஞ்சுது அது பிரேசில் திப்பிலி, மிளகு ஒட்டுக்கட்ட அடிச்செடியா வெக்கறது. படர்ற செடி வேணும்னா தரையில கெடக்கற தண்டுல கணுவுல வேர் இருக்கான்னு பாத்து வாங்குங்க.

இஞ்சி குடும்பத்து வாசனைக் கிழங்கு கச்சோலமும் நெழலுக்கு நல்லா வரும்னு ஒரு சித்தப்பா சொன்னாரு. வரும், ஆனா கோடையில இலை மொத்தமா அடங்கி கிழங்கா மண்ணுக்குள்ள போயிரும், அப்ப மறுபடியும் மொட்டைத் தரை. அதனால போட்டியிலயே சேக்கல.

இப்போதைக்கு மரத்தடி முழுக்க திப்பிலி, கெணத்தடியில வல்லாரை, பாதையில பொடுதலை. ஒரே சண்டை என்னன்னா, திப்பிலியோட வேரும் தடிச்ச தண்டும் காயவெச்சதுதான் கண்டந்திப்பிலி, அம்மிச்சிக்கு ரசத்துக்கு அது வேணும், தோண்டுனா என் தரை போச்சு. செவுத்தோரம் நாலு செடிய அதுக்குன்னு எழுதி வெச்சிருக்கேன், அதுவும் பத்தலங்குது.