குழந்தையின் கழுத்துத் தழும்புக்கு எது: தோல் ஒட்டா, ஃபிளாப்பா?

கொதிக்கும் குழம்போ வெந்நீரோ கொட்டி, கழுத்தும் மார்பும் வெந்துபோன குழந்தைக்குப் புண் ஆறிய பிறகுதான் அடுத்த தொல்லை. தழும்பு சுருங்கிச் சுருங்கி, தாடையை மார்போடு இழுத்துவிடும். அதை வெட்டி விடுவித்ததும் உண்டாகும் பள்ளத்தை எதைக்கொண்டு மூடுவது?

தோல் ஒட்டு என்றால், தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி வைப்பது. அதற்கென்று இரத்த ஓட்டம் கிடையாது. அடியிலுள்ள சதையிலிருந்து புது நாளங்கள் வந்து சேர வேண்டும். செய்வது எளிது, பெரிய பரப்பையும் மூடலாம். ஆனால் மெல்லிய ஒட்டு மறுபடி சுருங்கும். அதைத் தடுக்க மாதக்கணக்கில் கழுத்துப்பட்டை போட வேண்டும். மூன்று வயதுக் குழந்தை அதைக் கழற்றாமல் பார்த்துக்கொள்ள அம்மா படும் பாடு கொஞ்சமல்ல.

ஃபிளாப்பில் தோலும் அடிக்கொழுப்பும் தன் இரத்தநாளத்தோடு சேர்ந்தே நகர்ந்து வரும். காறை எலும்புக்கு மேலுள்ள தோல் கழுத்து நிறத்தோடு நன்றாகப் பொருந்தும். முக்கியமாக, அது பெரிதாகச் சுருங்காது. குழந்தை வளர வளர அதுவும் வளரும். நேரம் கூடுதல், நுனி கருகும் ஆபத்து உண்டு, எடுத்த இடத்திலும் தழும்பு விழும். தோல் போதாவிட்டால் அடியில் சிலிக்கோன் பலூன் வைத்து, வாரக்கணக்கில் உப்புநீர் ஏற்றிப் பெருக்கலாம். அதற்கு இரண்டு அறுவை சிகிச்சை.

பக்கத்தில் நல்ல தோல் இருந்தால் நான் ஃபிளாப் பக்கம்தான். கழுத்தோடு மார்பையும் மறக்கக் கூடாது: பெண் குழந்தையின் மார்பில் இறுகிய தழும்பு, பின்னாளில் மார்பக வளர்ச்சியையே அமுக்கிவிடும்.

அப்புறம், கழுத்து நிமிராத குழந்தைக்கு, மயக்கம் கொடுக்கும்போது மூச்சுவிட உதவும் குழாயைத் தொண்டை வழியே செலுத்துவதே கடினம். குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய மருத்துவர் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள்.