டாங்க் பாதியானதும் அமுங்கிய செயின்சோவும், எனக்குப் போட்ட பில்லும்

திருகோணமலை டவுனுக்குள் செயின்சோ, புல்லு வெட்டும் மெஷின் திருத்தக் கொடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாடை தொடங்கப் போகிறது. கூரைக்கு மேலே சரிந்து நிற்கும் வேப்பங்கொப்பு இப்போதுதான் எல்லார் கண்ணிலும் படும், மூலைக்குள் கிடந்த மெஷினை இப்போதுதான் எல்லாரும் இழுத்து எடுப்போம். போன மாதம் நானும் அப்படி எடுத்தேன். 18,000 ரூபா பில் கட்டி, அதற்கு மேல் 38,000 ரூபாவுக்கு ஒரு மதிப்பீடும் வாங்கிக்கொண்டு வந்தபிறகு, கடைசியில் 450 ரூபாக் குழாய் ஒன்றில் விஷயம் முடிந்தது.

மெஷின் ஜேர்மன் தயாரிப்பு, 18 அங்குல வாள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடையே கரையேறியதே, அன்று எங்கள் வளவில் வேம்பு ஒன்று சுவரோடு விழுந்தது. வெட்டுவதற்கு ஆள் பிடிக்க நாலு நாள் அலைந்தேன். அந்த வெறுப்பில், பிறகு தெரிந்த ஒருவரிடம் பாவித்த மெஷினாக வாங்கினேன். 2019இல் செயின்சோக்களைப் பதிவு செய்யச் சொன்னார்கள் அல்லவா, அந்தப் பதிவுக் கடிதத்தோடுதான் தந்தார். கைமாறும்போது எதற்கும் இருக்கட்டும் என்று மெஷினை நாலு பக்கமும், ஃபில்டர் மூடியைத் திறந்து உள்ளேயும் போனில் படம் எடுத்து வைத்தேன். இந்தப் படங்கள் பிறகு வேலைக்கு வந்தன.

கோளாறு இதுதான். இரண்டாவது இழுப்பில் ஸ்டார்ட் ஆகும். ஐட்லிங்கில் நன்றாக நிற்கும். விசையை அழுத்தினால் ஏறவேண்டிய சத்தம் ஏறாது, மூச்சு முட்டியதுபோல் அமுங்கும். விசையை விட்டால் மறுபடி ஐட்லிங்குக்கு வந்துவிடும். விடாமல் அழுத்தினால் நின்றுவிடும்.

எனக்குத் தெரிந்ததை முதலில் செய்தேன். காற்று ஃபில்டரைக் கழற்றிக் கழுவிக் காயவைத்தேன். செயின் பிரேக் விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். சிரிக்காதீர்கள், பிரேக் பிடித்தபடி இருந்தாலும் மெஷின் இப்படித்தான் அமுங்கும். என் நண்பர் ஒருவர் அதோடு மெஷினைத் தூக்கிக்கொண்டு கராஜுக்கே போயிருக்கிறார். பிளக்கை மாற்றினேன். டாங்கில் கிடந்த பெற்றோலை வெளியே ஊற்றிவிட்டேன். 2022 பெற்றோல் வரிசைக்குப் பிறகு கேனில் பெற்றோல் பதுக்கி வைக்கும் பழக்கம் எனக்கு இன்னும் விடவில்லை, சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளைத் தினம் பார்த்துக்கொண்டே பெற்றோலுக்கு அலைந்த ஊர் அல்லவா. டாங்கில் கிடந்தது எத்தனை மாதப் பழசு என்று எனக்கே தெரியாது. புது 92ஐ வாங்கி, லீட்டருக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் ஒயில் அளந்து கலந்து விட்டேன்.

கொஞ்ச நேரம் அருமையாக ஓடியது. பிறகு பழைய கதை. 'புதிதாக நிரப்பியதும் ஓடுகிறது' என்பதுதான் முழு விடையும். நான் அதைக் கவனித்தும் கவனிக்காத மாதிரி விட்டேன். அது என் பிழை.

சரி, கடைக்குக் கொண்டு போனேன். பெயரைப் போடவில்லை, ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். போர்டு பெரிது, கண்ணாடிக்குள் புது மெஷின்கள் வரிசையாக நிற்கின்றன, ஆட்களும் மரியாதையாகப் பேசுகிறார்கள். வேலை செய்பவர் ஒருமுறை கயிற்றை இழுத்தார், விசையை அழுத்தினார், நிறுத்தினார்.

"காபரேட்டர் போயிட்டுது ஐயா. புதுசுதான் போடவேணும்."

"கழட்டிப் பார்க்கத் தேவையில்லையா?"

"சத்தத்திலயே தெரியுது."

காபரேட்டர் என்றால் பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் சாமான். அதைப் பார்க்க ஃபில்டர் மூடியைக்கூட அவர் திறக்கவில்லை. அந்த இடத்திலேயே மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். ஆனால் நம்பிக்கையாகச் சொல்பவரிடம் நாம் வாய் திறக்க மாட்டோம், டாக்டரிடம் போனாலும் அப்படித்தானே. ஒரிஜினல்தானே போடுவீர்கள் என்று மட்டும் கேட்டேன். "ஒரிஜினல் சாமான் தவிர வேற ஒண்டும் நாங்க விக்கிறதில்ல" என்றார் முதலாளி.

அடுத்த நாள் பின்னேரம் எடுக்கப் போனேன். காபரேட்டர் 14,500, கூலி 3,500 என்று வாயால் சொன்னார்கள். பில்லில் 'செயின்சோ ரிப்பேர் 18,000' என்று ஒரே வரி. பழைய காபரேட்டர் எங்கே என்று கேட்டதற்கு, "அது குப்பைக்குப் போயிட்டுது" என்றார்கள். கடை வாசலில் ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார்கள், விசையை அழுத்தியதும் மெஷின் கத்தியது. டாங்க் நிறையப் பெற்றோலும் விட்டுத் தந்தார்கள். தாராளமான மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் இரண்டு கொப்பு வெட்டினேன். மூன்றாவதில் அமுங்கியது.

திரும்பக் கொண்டு போய்க் கொடுத்தால், நாலு நாள் வைத்திருந்துவிட்டுப் போன் எடுத்தார்கள். பிஸ்டனும் சிலிண்டரும் போய்விட்டதாம், செட்டாக மாற்ற 38,000, பாதி அட்வான்ஸ். பிஸ்டனைக் காட்டுங்கள் என்றேன். "அது கழட்டினாத்தான் தெரியும். கழட்டினா கழட்டுக் கூலி வரும்" என்றார். கழற்றாமலே போய்விட்டது என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை, முகம் மட்டும் மாறியது. மேசையில் ஒரு பேசின், அதற்குள் பெற்றோலில் ஊறியபடி எட்டோ பத்தோ காபரேட்டர்கள், ஒன்றிலும் யாருடையது என்ற துண்டு இல்லை. என்னுடையதும் அதற்குள் கிடந்திருக்கலாம். நிரூபிக்க முடியாது, அதனால் இதற்கு மேல் சொல்லவில்லை. 'பார்த்த கூலி' என்று இன்னும் 1,500 வாங்கிக்கொண்டுதான் மெஷினைத் தந்தார்கள்.

அப்புறம் கிண்ணியாவில் வள்ளத்து எஞ்சின் திருத்தும் ஒரு நானாவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) போகச் சொன்னார் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் மீன்காரர். கடலில் ஓடும் பழைய அவுட்போர்ட் எஞ்சினும் டூ ஸ்ட்ரோக்தான், பெரிய எஞ்சினும் சின்ன எஞ்சினும் ஒரே சாதி என்பது அவர் வாதம். ஞாயிறு காலை பாலத்தைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தேன். தகரக் கொட்டில், போர்டும் இல்லை.

நானா மெஷினைத் தொடவே இல்லை. முதலில் கேள்வி. "எப்ப அமுங்குது? ஸ்டார்ட் பண்ணின உடனயா, கொஞ்ச நேரம் ஓடியா? டாங்க் நிறைய இருக்கேக்க எப்பிடி, குறைஞ்சா எப்பிடி?" இத்தனை நாளில் ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி. யோசித்துப் பார்த்தேன். நிரப்பியதும் ஓடுகிறது, பாதிக்குக் கீழே வந்தால் அமுங்குகிறது. "அப்ப பாதி வேலை முடிஞ்சுது தம்பி" என்றார்.

கடைக்காரர் சொன்னதையும் சொன்னேன். சைலன்சரைக் கழற்றினார், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. புகை வெளியே வரும் துவாரத்துக்குள் டோர்ச் அடித்து, கயிற்றை மெல்ல இழுத்துப் பிஸ்டனை மேலும் கீழும் நகர்த்தி, "வந்து பாரு" என்றார். பிஸ்டன் பக்கம் வழுவழுவென்று மின்னியது. போன பிஸ்டன் என்றால் மேலிருந்து கீழாக நகத்தால் கீறியதுபோல் கோடுகள் இருக்குமாம். பிளக் துவாரத்தில் சிலிண்டருக்குள் அமுக்கம் அளக்கும் கேஜை மாட்டி நாலைந்து தரம் இழுத்தார், ஊசி 150 பிஎஸ்ஐக்குப் பக்கத்தில் நின்றது. 100க்குக் கீழே விழுந்தால்தான் கவலைப்பட வேண்டுமாம். இந்த எஞ்சினுக்குத்தான் 38,000 கேட்டார்கள்.

அடுத்தது டாங்க். பாதிப் பெற்றோலோடு ஸ்டார்ட் பண்ணி, அமுங்கும்போது டாங்க் மூடியைத் தளர்த்தினார். மாற்றம் இல்லை. டாங்குக்குள் காற்று போகும் வழி அடைத்திருந்தால், மூடியைத் தளர்த்தியதும் மெஷின் உயிர் பெறும். அது இல்லை என்றாகிவிட்டது. வளைத்த கம்பியொன்றை டாங்குக்குள் விட்டு பெற்றோல் ஃபில்டரைக் குழாயோடு வெளியே இழுத்தார். ஃபில்டர் சுத்தம். குழாயை, டாங்கின் மேல் பக்கம் துவாரத்துக்குள் நுழையும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே பிடித்து விரலால் வளைத்தார். மயிரிழை போல ஒரு வெடிப்பு வாய் திறந்தது.

அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். டாங்க் நிறைய இருக்கும்போது வெடிப்பு பெற்றோலுக்குள் மூழ்கியிருக்கும், அதற்குள்ளாலும் பெற்றோல்தான் போகும், கோளாறே தெரியாது. மட்டம் இறங்கியதும் வெடிப்பு வெளியே வந்துவிடும், குழாய் பெற்றோலோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சும். ஐட்லிங்குக்கு ஒரு சொட்டு போதும், அதனால் தாக்குப் பிடிக்கும். விசையை அழுத்தினால் நிறையப் பெற்றோல் வேண்டும், அப்போது காற்று வந்தால் அமுங்காமல் என்ன செய்யும்? இந்த மெஷினுக்குத் தனியாக எஞ்சின் ஒயில் இல்லை, பெற்றோலில் கலந்து வருவதுதான் பிஸ்டனுக்கும் ஒயில். பெற்றோல் குறைந்தால் ஒயிலும் குறையும். இப்படியே இன்னும் இரண்டு மாதம் வெட்டியிருந்தால் பிஸ்டன் உண்மையாகவே போயிருக்கும் என்றார்.

கடைக்காரர் டாங்கை நிரப்பித் தந்த தாராளம் அப்போதுதான் உறைத்தது. தெரிந்தே செய்தார்களா என்று கேட்டால், இல்லை என்றுதான் நினைக்கிறேன். தெரிந்திருந்தால் குழாயைப் பிடித்திருப்பார்கள். எதையும் பார்க்காமல் விலை கூடிய சாமானில் தொடங்கி, சரிவராவிட்டால் அதைவிட விலை கூடியதற்குப் போவது, அவ்வளவுதான் அவர்களுடைய முறை.

ஆனால் காபரேட்டர் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. நானா அதைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உடம்பில் ஒரு எழுத்தும் இல்லை, இலக்கமும் இல்லை. போனில் இருந்த பழைய படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன், என்னுடையதில் 'வால்ப்ரோ' என்று கம்பனிப் பெயர் பொறித்திருந்தது தெளிவாகத் தெரிகிறது. ஒரிஜினலைக் கழற்றி எடுத்துவிட்டு, ஒரிஜினல் விலைக்குப் பெயரில்லாத ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். அதுவும் விசையை அழுத்தும்போது போகும் பெற்றோலை அளவாக்கும் ஹெச் ஊசியைக் கண்டபடி திறந்து விட்டிருந்தார்கள், பிளக் கரியும் ஈரமுமாக இருந்தது.

குழாய்க்கு என்னையே உதிரிப்பாகக் கடைக்கு அனுப்பினார், டாங்கின் துவாரத்தில் இறுக்கமாக உட்காரும் அச்சுக் குழாய்தான் வேண்டும் என்று. சேலைன் குழாயை வெட்டி மாட்டும் ஆட்கள் இருக்கிறார்களாம், பெற்றோல் பட்டால் அது விறைத்து நொறுங்கும், செய்யாதே என்றார். 450 ரூபா. ஊசிகளைச் சரிபண்ணி, டாங்க் காலியாகும் வரை ஒரு கட்டையை அறுத்துக் காட்டிவிட்டுத்தான் கூலி வாங்கினார், 1,000 ரூபா. கூட்டித் தர முயன்றேன், வாங்கவில்லை.

மறுநாள் குழாயையும் படத்தையும் எடுத்துக்கொண்டு டவுன் கடைக்குப் போனேன். குழாய் பிறகு வெடித்திருக்கும் என்றார் முதலாளி. காபரேட்டர் பற்றிக் கேட்டதும் 3,000 ரூபாவை மேசையில் வைத்து, "இதோட விடுங்கோ ஐயா" என்றார். எடுக்கவில்லை. எடுத்திருந்தால் பில்லில் ஒரு கையெழுத்தும் கேட்டிருப்பார்.

நீங்கள் எந்தக் கடைக்குக் கொடுத்தாலும், கொடுக்கும் முன் காபரேட்டரையும் மெஷின் இலக்கத்தையும் படம் எடுங்கள். கழற்றும் பழைய சாமானைத் திருப்பித் தரவேண்டும் என்று வேலை தொடங்க முன்னமே சொல்லுங்கள், பிறகு கேட்டால் எப்போதும் குப்பைக்குத்தான் போயிருக்கும். பிஸ்டன் போய்விட்டது என்று யாராவது சொன்னால் சைலன்சரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், காட்ட மறுத்தால் மெஷினைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். எடுக்கப் போகும்போது டாங்க் பாதியாக இருக்கட்டும், வாசலில் கத்த வைத்துக் காட்டுவதில் ஒன்றும் தெரியாது, ஒரு கட்டையை வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். பில்லில் சாமான் வேறு, கூலி வேறாக எழுத வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டு தரவேண்டியது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டப்படி வியாபாரியின் கடமை. முறைப்பாட்டுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு அழைக்கலாம், எழுத்தில் கொடுப்பதென்றால் மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.

நான் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். அதனால்தான் கடைப் பெயர் இங்கே இல்லை, உள்பெட்டியில் கேட்டாலும் இப்போதைக்குச் சொல்ல மாட்டேன். விசாரணைக்குக் கூப்பிடும்போது கொண்டுபோக அந்த ஒருவரிப் பில்லையும், படத்தின் பிரதியையும், வெடித்த குழாயையும் ஒரு சொப்பிங் பையில் போட்டு அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன். பெற்றோல் மணக்கிறது என்று வீட்டில் தினமும் ஏச்சு.