கலெக்டர் ஆபீஸா, கோர்ட் வளாகமா? குற்றத்தில் பாதிக்கப்பட்டவர் முதலில் போக வேண்டிய இடம்

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை எந்த ஊரில் அடிதடி, கொலை, பாலியல் வன்முறை நடந்தாலும் வீட்டார் முதலில் கேட்பது, "கவர்மெண்டில் எவ்வளவு தருவார்கள்?" என்பதுதான். பணம் எப்போது கைக்கு வரும், அது எந்தக் காகிதத்துக்காகக் காத்திருக்கும் என்று கேட்பதே அதைவிடப் பயன் தரும். கலெக்டர் ஆபீஸ், கோர்ட் வளாகம் என்ற இரண்டு வழிகளுக்கு இடையே உண்மையான வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

எந்த வழியில் போனாலும் எப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) வேண்டும். ஸ்டேஷனில் கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீதை எப்.ஐ.ஆர். என்று நம்பி மாதக்கணக்கில் சும்மா இருப்பவர்கள் நிறைய. சி.எஸ்.ஆர். என்பது மனு வந்ததற்கான பதிவு மட்டுமே. அதை வைத்து ஒரு ரூபாயும் நகராது. சம்பவம் கடலில் நடந்தால் லோக்கல் ஸ்டேஷனா, மரைன் போலீஸா என்று அலைக்கழிப்பார்கள். எல்லை எதுவானாலும் புகாரைப் பதிந்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 173-ஆம் பிரிவு சொல்கிறது. புகார்தாரருக்கு எப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர், குற்றம் செய்தவர் அந்தப் பிரிவுகளைச் சேராதவர் என்றால் கலெக்டர் வழிதான் வேகமானது. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி (1995, திருத்தம் 2016) நிவாரணம் தீர்ப்புக்காகக் காத்திருப்பதில்லை; வழக்கின் கட்டத்துக்கு ஏற்பப் பிரித்துத் தரப்படுகிறது. கொலை என்றால் பிரேதப் பரிசோதனை முடிந்ததும் பாதி, குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போனதும் மீதி. சாதியைச் சொல்லி இழிவுபடுத்திய வழக்கில் எப்.ஐ.ஆர். கட்டத்தில் 25 சதவீதம், குற்றப்பத்திரிகைக்குப் பிறகு 50, தண்டனை கிடைத்தால் மீதி 25. தமிழ்நாட்டில் தொகை 1 லட்சத்தில் தொடங்கி 12 லட்சம் வரை போகிறது. கொலையுண்டவரின் குடும்பத்துக்கு மாத ஓய்வூதியம் அல்லது ஒருவருக்கு வேலை போன்ற கூடுதல் உதவிகளும் உண்டு. இவற்றைத் தனியாக எழுதிக் கேட்காவிட்டால் பெரும்பாலும் யாரும் நினைவுபடுத்துவதில்லை.

இந்த வழி பழுதாவது இரண்டு இடங்களில். ஒன்று, எப்.ஐ.ஆரில் வன்கொடுமைச் சட்டப் பிரிவே இல்லாமல் வெறும் அடிதடிப் பிரிவு மட்டும் போட்டிருப்பார்கள். பின்னால் பிரிவு சேர்த்தால், கோர்ட்டுக்கு அனுப்பிய ஆல்டரேஷன் ரிப்போர்ட்டின் (பிரிவு மாற்ற அறிக்கை) நகலை, நிவாரணக் கோப்பைக் கவனிக்கும் ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் கோப்பு பழைய எப்.ஐ.ஆரோடு கிடக்கும். இரண்டு, சாதிச் சான்றிதழ். கடற்கரை ஊர்களில் கிறிஸ்தவத்துக்கு மாறிய குடும்பங்கள் பல. இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினர் மட்டுமே பட்டியல் சாதியாகக் கருதப்படுவதால், மதம் மாறியவருக்கு இந்தக் கதவு திறக்காது. பழங்குடியினருக்கு அந்தத் தடை இல்லை.

அப்படி மதம் மாறியவர்களுக்கும் மற்ற எல்லாருக்கும் இருப்பது ராமநாதபுரம் கோர்ட் வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. இதற்கு அடிப்படை பி.என்.எஸ்.எஸ். 396-ஆம் பிரிவு, பழைய சட்டத்தில் 357ஏ. குற்றவாளி யாரென்றே தெரியாத வழக்கிலும் இங்கே விண்ணப்பிக்கலாம். கலெக்டர் வழியில் இல்லாத பெரிய வசதி இது. பெண்களுக்கான 2018 திட்டத்தில் உயிரிழப்புக்கு 5 முதல் 10 லட்சம், பாலியல் வல்லுறவுக்கு 4 முதல் 7, ஆசிட் வீச்சில் முகம் சிதைந்தால் 7 முதல் 8 லட்சம். சம்பவத்திலிருந்து அல்லது எப்.ஐ.ஆரிலிருந்து 3 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். ஆண்களுக்கு 2013-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திட்டம்; அலுவலகம் அதேதான், தொகை குறைவு.

குறை வேகத்தில்தான். விசாரித்து 2 மாதத்துக்குள் உத்தரவிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மருத்துவ அறிக்கை வராமல் கோப்பு நிற்பதுதான் தாமதத்துக்கு வழக்கமான காரணம். ஆகவே முதல் மனுவிலேயே இடைக்கால நிவாரணம் என்று தனிப் பத்தி எழுதிவிடுங்கள். ஆசிட் வழக்கில் தகவல் கிடைத்த 15 நாளுக்குள் 1 லட்சம் தர வேண்டும். ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியும் காயச் சான்றும் கேட்டு வாங்குங்கள். எலும்பு முறிவு போன்றவை நேராகச் சட்டம் சொல்லும் கொடுங்காயத்தில் சேரும். மற்ற காயங்களில் 15 நாள் கடும் வலியோ, அன்றாட வேலை செய்ய முடியாமையோ இருந்தால்தான் சேரும். மூன்றாம் நாளே டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு, மறுபரிசோதனைக்கும் போகாமல் வீட்டிலேயே இருந்தால், கடலுக்குப் போக முடியாத அந்த 15 நாளுக்குச் சான்று எதுவும் இராது.

இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் மனு போடலாமா? போடலாம், மறைக்கக் கூடாது. ஓரிடத்தில் வாங்கிய தொகையை மற்ற இடத்தில் கணக்கில் எடுப்பார்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால் மனுவே சந்தேகத்துக்கு உள்ளாகும். தகுதி இருப்பவர்கள் முதலில் கலெக்டரிடம் தொடங்கி, அந்தப் பணம் கையிலிருக்கும்போது ஆணைக்குழுவுக்குப் போவதே நல்லது. வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமான வரம்பின்றி இலவச வக்கீல் உண்டு. வழி தெரியாவிட்டால் சட்ட உதவி எண் 15100-க்குப் போன் போடுங்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி என்றால் வழி வேறு. 2022 ஏப்ரல் 1 முதல் மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. வருவாய்த்துறை அதிகாரியிடம் மனு, கலெக்டர் அனுமதி, பிறகு வங்கிக் கணக்கில் பணம். வண்டி நம்பர் கிடைத்துவிட்டால் இந்தத் தொகையோடு நிற்காமல் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். அங்கே வருமானம், வயது, குடும்பத்தை வைத்துக் கணக்கிடுவதால் தொகை பல மடங்கு ஆகலாம். தீர்ப்பாயத்தில் கிடைத்தால் முன்பு வாங்கியதைத் திருப்ப வேண்டும். ராமேஸ்வரம் வரும் வெளிமாநில வேன்கள் பாம்பன் பாலத்தைத் தாண்டித்தான் போயாக வேண்டும். வழியிலுள்ள கேமராப் பதிவுகள் அழியும் முன் எடுக்கச் சொல்லி, முதல் வாரத்திலேயே ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பது பலன் தரும்.

குற்றவாளியின் அபராதத்திலிருந்து கோர்ட் தரச் சொல்லும் இழப்பீட்டை நம்பித் திட்டம் போடாதீர்கள். தண்டனை உறுதியாகி, அவரிடம் பணமும் இருந்தால்தான் அது வரும்.

எல்லா வழியும் கடைசியில் வங்கிக் கணக்கில் முடிகிறது. முழு ஆவணம் இல்லாமல் திறந்த சிறு கணக்கில் ஆண்டுக்கு 1 லட்சத்துக்கு மேல் வரவு ஏறாது. பெரிய தொகை வந்தால் திரும்பிப் போகக்கூடும். மனு போடும் முன் வங்கியில் கே.ஒய்.சி. (அடையாளச் சரிபார்ப்பு) முடித்து, ஆதாரிலும் வாரிசுச் சான்றிதழிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இறந்தவரின் பாஸ்புக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்த பதிவு இருந்தால், அது பிரதமரின் விபத்துக் காப்பீடு. கொலையும் அதில் அடங்கும். தொகை 2 லட்சம், 30 நாளுக்குள் அதே வங்கியில் கோர வேண்டும்.