ராம் செக் பண்ண எது பெஸ்ட்: விண்டோஸ் டூலா, மெம்டெஸ்ட்86ஆ, பிளஸ்ஸா, டிஎம்5ஆ?

போன மாசம் என் பிசி தினமும் ஒருவாட்டியாவது நீலத்திரை காட்டி ரீஸ்டார்ட் ஆயிட்டு இருந்துச்சு, ஒரு நாள் மெமரி மேனேஜ்மென்ட்னு வரும், மறுநாள் வேற ஏதோ பேர்ல வரும், ஜிப் ஃபைல பிரிச்சா கரப்ட்னு சொல்லும், அதையே திரும்ப பிரிச்சா சரியா வந்துடும். இப்படி எரர் ஆளுக்கொரு பக்கம் இழுத்தா எனக்கு முதல் சந்தேகம் ராம் மேலதான். சர்வீஸ் கடையில திறந்துகூட பாக்காம எஸ்எம்பிஎஸ் (கரண்ட் குடுக்குற பவர் சப்ளை) மாத்திடலாம்னாங்க, சரிதான்னு தூக்கிட்டு வந்துட்டேன்.

முதல்ல விண்டோஸ்லயே இருக்குற மெமரி டயக்னாஸ்டிக். விஸ்டா காலத்துலேர்ந்து கூடவே வருது, ஸ்டார்ட் மெனுல பேர டைப் பண்ணா போதும், பென் டிரைவ் வேணாம் ஒண்ணும் வேணாம். சும்மா விட்டா ஸ்டாண்டர்ட் மோடுல ரெண்டு பாஸ் (எல்லா டெஸ்ட்டும் ஒரு சுத்து முடிஞ்சா ஒரு பாஸ்) மட்டும் ஓடும், எஃப்1 அமுக்கி எக்ஸ்டெண்டட் போடலாம்னு நிறைய பேருக்கு தெரியவே தெரியாது. ரிசல்ட்ட வேற ஈவென்ட் வியூவர்ங்கிற விண்டோஸ் லாக் பாக்குற இடத்துல போய் தேடணும். எனக்கு "பிரச்சனை எதுவும் இல்ல"ன்னு சர்டிஃபிகேட் குடுத்துச்சு, அன்னைக்கு சாயங்காலமே நீலத்திரை. இது எரர் காட்டுனா நம்பலாம், நல்லா இருக்குன்னு சொன்னா நம்பாதீங்க, அவ்ளோதான் இதுக்கு மரியாதை.

அடுத்து மெம்டெஸ்ட் ரெண்டு. இங்கதான் எல்லாரும் குழம்புறாங்க, ஏன்னா பேரு கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா ஆளு வேற. ஒரிஜினல் மெம்டெஸ்ட்86 1994ல கிறிஸ் பிராடி எழுதுனது, 2013ல பாஸ்மார்க் கம்பெனி கைக்கு போச்சு, இப்ப ஓப்பன் சோர்ஸ் கிடையாது, ஃப்ரீ வெர்ஷன்ல நாலு பாஸ் முடிஞ்சதும் நின்னுடும். மெம்டெஸ்ட்86 பிளஸ்ங்கிறது அந்த பழைய கோடுலேர்ந்து 2004ல பிரிஞ்சது, முழுக்க இலவசம், நிறுத்துற வரைக்கும் ஓடிட்டே இருக்கும். நடுவுல பல வருஷம் தூங்கி வழிஞ்சு புது மதர்போர்டுல பூட்கூட ஆகாம கிடந்துச்சு, 2022ல ஆறாவது வெர்ஷன் புதுசா எழுதி யூஇஎஃப்ஐ (புது போர்டுல பழைய பயாஸுக்கு பதிலா வர்றது) சப்போர்ட்டோட வந்ததுக்கு அப்புறம்தான் மறுபடி மவுசு.

ரெண்டுமே பென் டிரைவ்லேர்ந்து பூட் ஆகுறதால விண்டோஸ் குறுக்க நிக்காது, கிட்டத்தட்ட மொத்த ராமையும் தொட்டு பாக்கும். வசதின்னு பாத்தா பாஸ்மார்க்கோட மெம்டெஸ்ட்86தான், செக்யூர் பூட் (கையெழுத்து இல்லாத சாஃப்ட்வேர பூட் ஆக விடாத பயாஸ் செட்டிங்) ஆன்ல இருந்தாலும் ஓடும், ரிப்போர்ட்ட பென் டிரைவ்லயே சேவ் பண்ணித்தரும். பிளஸ்ஸுக்கு நான் செக்யூர் பூட்ட ஆஃப் பண்ண வேண்டியிருந்துச்சு. பிட்லாக்கர் (விண்டோஸ்ல டிஸ்க்க பூட்டி வெக்கிற வசதி) போட்டிருக்கவங்க இதுல ஜாக்கிரதை, ரெகவரி கீ எங்க இருக்குன்னு பாத்து வெச்சுக்காம பயாஸ்ல கை வெச்சுடாதீங்க, அப்புறம் ராம் பிரச்சனை போயி டேட்டா பிரச்சனை ஆயிடும். இன்னொண்ணு, பாஸ்மார்க்ல 13வது டெஸ்ட் ரோ ஹேமர், ஒரே வரிசைய திரும்பத்திரும்ப படிச்சு பக்கத்து வரிசைல பிட் மாறுதான்னு பாக்கும், அதுல மட்டும் எரர் வந்தா உடனே ராம் ஸ்டிக்க தூக்கி போட வேணாம், சாதாரண வேலைல அந்த மாதிரி அடி விழுறது அபூர்வம்.

நான் பிளஸ்ஸ ராத்திரி போட்டுட்டு தூங்கிட்டேன், முதல் பாஸ்ல ஒண்ணுமில்ல போல, காலைல பாத்தா மூணாவது பாஸ்லேர்ந்து சிவப்பு வரி வரியா. விண்டோஸ் டூல் ரெண்டு பாஸோட கடைய கட்டுனது ஏன் பத்தலன்னு அப்பதான் புரிஞ்சுது. எக்ஸ்எம்பி, அதாவது ராம அதிக ஸ்பீடுல ஓட்டுற பயாஸ் செட்டிங், அத ஆஃப் பண்ணி மறுபடி ஓட்டுனேன், அப்பவும் எரர். எக்ஸ்எம்பி ஆஃப் பண்ணதும் எரர் நின்னுருந்தா ஸ்டிக்க மட்டும் குத்தம் சொல்ல முடியாது, ஸ்பீடோ வோல்டேஜோ மெமரி கன்ட்ரோலரோ காரணமா இருக்கலாம்.

டிஎம்5 அதாவது டெஸ்ட்மெம்5 வேற ஜாதி, விண்டோஸ் உள்ளயே ஓடும். ஓவர்கிளாக் பண்றவங்க, அதாவது ஸ்பீட ஏத்தி ஓட்டுறவங்க, இதுக்குன்னே கடுமையான கான்ஃபிக் ஃபைல் செஞ்சு வெச்சிருக்காங்க, சிபியுவும் ராமும் சேந்து சூடாகுறதால டைமிங் தப்பா இருந்தா சீக்கிரமே மாட்டும். ஆனா விண்டோஸ் புடிச்சு வெச்சிருக்குற ராம் பகுதிய இதால தொட முடியாது, உங்க கெட்ட பிட் அங்கதான் உக்காந்திருக்குன்னா கோட்டை விட்டுடும். ஏற்கனவே கிராஷ் ஆகுற பிசில விண்டோஸ் உள்ள மணிக்கணக்கா ராம வதைச்சா ஃபைல் கரப்ட் ஆகுற ரிஸ்க்கும் உண்டு. ஓவர்கிளாக் பண்ணவங்களுக்கு டிஎம்5, திடீர்னு கிராஷ் ஆகுறவங்களுக்கு பிளஸ், பயாஸ தொட பயமா இருந்தா பாஸ்மார்க், இதான் என் கணக்கு.

டிடிஆர்5 வெச்சிருக்கவங்களுக்கு ஒரு விஷயம், சிப்புக்குள்ளயே ஒரு பிட் தப்ப திருத்திக்குற வசதி இருக்கு, சின்ன தப்பு டெஸ்ட்டுக்கு தெரியாமலே போகும், அதனால அதுல ஒரே ஒரு எரர் வந்தாலும் சும்மா விடாதீங்க.

ரெண்டு ஸ்டிக்ல எது கெட்டதுன்னு இந்த டூலெல்லாம் பொதுவா நம்பிக்கையா சொல்லாது, ஒண்ண கழட்டி ஒண்ண போட்டு அதே ஸ்லாட்ல ஓட்டணும். நல்ல ஸ்டிக்க போட்டும் அந்த ஸ்லாட்ல எரர் வந்தா போர்டுதான் வில்லன். முதல்ல காண்டாக்ட் பகுதிய ரப்பர் வெச்சு மெதுவா துடைச்சு பாத்தேன், சில ராம் வியாதி அதுலயே சரியாயிடும், எனக்கு ஆகல. ரெண்டாவது ஸ்டிக்தான் மாட்டுச்சு. ஸ்கிரீன போட்டோ எடுத்து வாரண்டிக்கு காட்டுனேன், கேள்வி கேக்காம எடுத்துக்கிட்டாங்க, ஆனா ரெண்டு ஸ்டிக்கும் ஒரே செட்டா (கிட்டா) வாங்குனதால நல்ல ஸ்டிக்கையும் சேத்து அனுப்பணுமாம். இப்போதைக்கு ஃப்ரெண்டுகிட்ட வாங்குன 4 ஜிபில குரோம்ல ரெண்டு டேப்புக்கு மேல திறக்காம வண்டி ஓடுது.