சியர்ஸ் பெயர் பொறித்த பழைய பம்ப் துப்பாக்கி: வருடக்கணக்கில் சுட்ட பிறகு

பென்சில்வேனியாவில் பழைய துப்பாக்கி விற்கும் கடைகளில் ஓரமாக, யாரும் சீந்தாமல் நாலைந்து நிற்கும். ஜே.சி. ஹிக்கின்ஸ், டெட் வில்லியம்ஸ், வெஸ்டர்ன் ஃபீல்டு, ரெவலேஷன் என்று பெயர் பொறித்திருக்கும். இதில் ஒன்றுகூட துப்பாக்கி கம்பெனி கிடையாது. எல்லாம் அமெரிக்கச் சங்கிலிக் கடைகள் வைத்த பெயர்கள்: முதல் இரண்டும் சியர்ஸ், மூன்றாவது மான்ட்கமரி வார்டு, கடைசி வெஸ்டர்ன் ஆட்டோ. பெரிய கம்பெனிகளிடம் மொத்தமாகச் செய்து வாங்கி, தங்கள் பெயரைப் போட்டு விற்றார்கள். ஹிக்கின்ஸ் சியர்ஸில் கணக்கு பார்த்த ஊழியர், டெட் வில்லியம்ஸ் பேஸ்பால் வீரர்.

நான் வாங்கியது ஜே.சி. ஹிக்கின்ஸ் மாடல் 20, 12 கேஜ் பம்ப் ஷாட்கன், அதாவது சிறு குண்டுகளைக் கொத்தாகச் சுடும் துப்பாக்கி. முன்கட்டையைப் பின்னுக்கு இழுத்து முன்னே தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும், அதுதான் பம்ப். கேஜ் என்பது குழல் விட்டத்தின் அளவு, எண் கூடக்கூட விட்டம் குறையும். குழலில் 583 என்று தொடங்கி, புள்ளி வைத்து ஒரு எண் இருக்கும். சியர்ஸ் கணக்கில் முதல் மூன்று இலக்கம் செய்தவரைக் காட்டும். 583 என்றால் கனெக்டிகட்டில் இருந்த ஹை ஸ்டாண்டர்டு கம்பெனி. டெட் வில்லியம்ஸ் மாடல் 200 வின்செஸ்டர் 1200-தான், வெஸ்டர்ன் ஃபீல்டு 550-ம் ரெவலேஷன் 310-ம் மாஸ்பெர்க் 500. பழைய பாகங்கள் விற்கும் நியூம்ரிச் கம்பெனி எந்தக் கடை மாடல் எந்த அசல் மாடல் என்று பட்டியலே வைத்திருக்கிறது, அதில் பார்த்தால் வேலை முடிந்தது. சீரியல் எண் இல்லையே, திருட்டுப் பொருளோ என்று சிலர் பயப்படுவார்கள். 1968-ல் வந்த அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டத்துக்கு முன்பு ஷாட்கன்னுக்கு அது கட்டாயமில்லை. ஆனால் அழித்த தடம் தெரிந்தால் தொடவே தொடாதீர்கள், அது வேறு விவகாரம்.

செய்தவர் யார் என்று தெரிந்ததோடு தோட்டாவைப் போட்டுவிடக் கூடாது. முதலில் சேம்பர், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை, அதன் நீளம். என்னுடையது இரண்டே முக்கால் அங்குலம். இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது: தோட்டா டப்பாவில் போட்டிருக்கும் நீளம் சுட்ட பிறகு வாய் விரிந்த நீளம், அதனால் மூன்று அங்குலத் தோட்டாவும் வாய் மடிந்த நிலையில் இந்தச் சேம்பருக்குள் சமத்தாகப் போய் உட்கார்ந்துவிடும். சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். உள்ளே போகிறது, ஆகவே சரி என்ற கணக்கு இதில் செல்லாது. குழலில் நீளம் எழுதாமல் இருந்தால் துப்பாக்கி பழுது பார்க்கும் கன்ஸ்மித்திடம் அளவுக் கருவி வைத்து அளக்கச் சொல்லுங்கள், அப்படியே பூட்டு இறுகுகிறதா, தோட்டாவைத் தட்டும் ஃபயரிங் பின் சரியா என்றும் பார்த்துவிடுவார். பழைய 16 கேஜ்களில் சேம்பர் இன்னும் குட்டையாக இருக்கலாம், அதை அளக்காமல் சுடவே வேண்டாம். குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், உள்ளே நிழல் வளையம் தெரிந்தால் எப்போதோ வீங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் ஸ்டீல் குண்டு. இந்தக் குழல் ஃபுல் சோக், அதாவது குண்டுகள் அதிகம் சிதறாமல் இருக்க வாய்ப்பக்கம் நன்றாகக் குறுகியது, ஈயக் குண்டு காலத்து வேலை. ஸ்டீல் நசுங்கிக் கொடுக்காது, வாய்ப்பக்கம் குழல் வீங்கலாம். அமெரிக்கா முழுக்க நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயம் 1991-லிருந்து தடை, ஆகவே வாத்து வேட்டைக்கு இதை எடுத்துப் போவதில்லை. களிமண் தட்டு சுட எட்டாம் நம்பர் ஈயக் குண்டு, லேசான லோடு, அவ்வளவுதான். வீட்டில் 20 கேஜும் இருந்தால் இரண்டு தோட்டாவையும் ஒரே பையில் போடாதீர்கள். 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் நழுவிப் போய் நடுவில் நிற்கும், பின்னாலேயே ஒரு 12 போனால் குழல் வெடிக்கும். அதனால்தான் 20 கேஜுக்கு மஞ்சள் நிறம்.

சுடுவதற்கு எப்படி? கனம். பூட்டு இருக்கும் நடு உடலான ரிசீவர் முழுக்க எஃகு, அரை நாள் தூக்கி நடந்தால் தோள் சொல்லும். ஆனால் அந்தக் கனமே உதையையும் வாங்கிக்கொள்கிறது. பம்ப் வெண்ணெய் போல ஓடுகிறது, இன்றைய மலிவு மாடல்களில் அந்த வழுக்கல் கிடையாது. பின்கட்டை ரப்பர் கல்லாகிவிட்டது, மாற்றினேன். குறை என்றால் பாகங்கள்தான். ஹை ஸ்டாண்டர்டு பழைய கம்பெனி எப்போதோ மூடியாயிற்று, வேறு துப்பாக்கியைப் பிரித்து எடுத்ததுதான் கிடைக்கும். அந்தத் தலைவலி வேண்டாம் என்பவர்கள் வெஸ்டர்ன் ஃபீல்டு 550 தேடுங்கள், மாஸ்பெர்க் 500 இன்னும் உற்பத்தியில் இருக்கிறது, பெரும்பாலான பாகங்கள் சுலபமாகக் கிடைக்கும். கடைப் பெயர் என்பதால் விலையும் அசலைவிடக் குறைவாகத்தான் சொல்வார்கள், தைரியமாகப் பேரம் பேசலாம்.